ஐஸ்கிரீம் உருகியது, மோட்டார் பிறந்தது: யார் இந்த ஓலே எவின்ரூட்? படகு மோட்டார் நடுவழியில் நிற்பது ஏன்?

1906 ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கி நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ஒகாச்சி ஏரிக்கு ஒரு நண்பர்கள் கூட்டம் பிக்னிக் போயிருந்தது. நல்ல வெயில். கூட்டத்தில் இருந்த பெஸ் கேரி என்ற இளம்பெண்ணுக்கு ஐஸ்கிரீம் சாப்பிட ஆசை. கடை இருப்பதோ எதிர்க்கரையில். பெஸ்ஸைக் காதலித்துக்கொண்டிருந்த 29 வயது மெக்கானிக் ஒருவர் உடனே படகில் ஏறித் துடுப்பு போட ஆரம்பித்தார். போய் வாங்கிக்கொண்டு திரும்பி வருவதற்குள் ஐஸ்கிரீம் உருகிவிட்டது. கையும் தோளும் வலித்ததுதான் மிச்சம்.

அந்த மெக்கானிக் பெயர் ஓலே எவின்ரூட். துடுப்பு போடும் வேலையை ஒரு சின்ன மோட்டார் செய்தால் என்ன என்ற யோசனை அன்றைக்குத்தான் அவருக்கு வந்தது என்று சொல்வார்கள். மூன்றே ஆண்டுகளில் அந்த யோசனை விற்பனைக்கு வந்தது. அவுட்போர்டு மோட்டார் என்ற பொருளை உலகத்துக்குப் பழக்கிய மனிதர் அவர்தான். இன்று நம் கடற்கரைகளில் ஃபைபர் படகுகளின் பின்னால் தொங்குகிறதே, அந்த மோட்டாரும் அதே வம்சம்தான்.

ஆனால், மோட்டாரை நம்பிப் போகும் ஆளுக்குத் துடுப்பு போடுபவருக்கு இல்லாத ஒரு பயம் உண்டு. நடுத்தண்ணீரில் மோட்டார் இருமி இருமி நின்றுவிட்டால்? பல நேரங்களில் இன்ஜினில் பெரிய கோளாறு எதுவும் இருக்காது. டேங்கில் இருக்கும் பெட்ரோல் இன்ஜினுக்குப் போய்ச் சேரும் வழியில் எங்கோ ஓர் அடைப்பு, அல்லது ஓர் ஓட்டை. அவ்வளவுதான். அதை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு ஓலேவின் கதையையும் அவர் மோட்டாரின் கதையையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

பண்ணைக்குப் பிடிக்காத பையன்

ஓலே பிறந்தது நார்வேயில், யோவிக் என்ற ஊருக்கு அருகே, 1877 ஏப்ரல் 19 அன்று. அவருக்கு ஐந்து வயதானபோது குடும்பம் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தது. விஸ்கான்சினில் கேம்பிரிட்ஜ் என்ற சிற்றூர் அருகே நிலத்தில் குடியேறினார்கள். பக்கத்திலேயே ரிப்ளி ஏரி.

மகன் விவசாயம் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் எண்ணம். பையனுக்கோ இரும்பும் பல்சக்கரமும் படகும்தான் பிடிக்கும். பள்ளிப் படிப்பும் அதிகம் இல்லை. அவன் ரகசியமாகச் செய்த முதல் படகை அப்பா அழித்துவிட்டார், அவன் அசராமல் இன்னொன்றை மறைத்து வைத்துச் செய்து முடித்து ஏரியில் ஓட்டிக் காட்டினான் என்று ஒரு கதை உண்டு. அதன் பிறகு பையன் வழிக்கு அப்பா குறுக்கே நிற்கவில்லை.

16 வயதில் ஓலே மாநிலத் தலைநகரான மேடிசனுக்குப் போனார். பகலில் பட்டறை வேலை, இரவில் தானாகவே பொறியியல் புத்தகங்கள். அங்கிருந்து பிட்ஸ்பர்க், சிகாகோ என்று தொழில் நகரங்களைச் சுற்றி, உருக்காலைகளிலும் இயந்திரப் பட்டறைகளிலும் கை பழகினார். கல்லூரிப் பட்டம் கிடையாது. ஆனால் வார்ப்படத்துக்கு மரத்தில் மாதிரி செதுக்கும் வேலையில் தேர்ந்தவராக ஆனார். ஒரு பொருள் கையில் வருவதற்கு முன்பே அதன் ஒவ்வொரு வளைவையும் மனதில் பார்க்கத் தெரிந்தவர்களால்தான் அந்த வேலையைச் செய்ய முடியும்.

கணக்கு பார்த்த பெஸ்

1900 வாக்கில் மில்வாக்கிக்கு வந்த ஓலே, பெட்ரோல் இன்ஜின் செய்து விற்கும் முயற்சிகளில் இறங்கினார். கார் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. கூட்டாளிகளோடு ஆரம்பித்த தொழில்கள் ஒன்றன் பின் ஒன்றாகக் கைகொடுக்காமல் போயின. இயந்திரம் செய்வதில் கெட்டிக்காரர். பணக் கணக்கில் அவ்வளவு இல்லை.

அந்தக் குறையை நிரப்பியவர் பெஸ். வணிகப் படிப்பு படித்துக்கொண்டிருந்த அவர், ஓலேவின் பட்டறைக்குக் கடிதம் எழுதித் தருவது, கணக்கு பார்ப்பது என்று உதவ ஆரம்பித்தார். 1906-ல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். அடுத்த ஆண்டே மகன் ரால்ஃப் பிறந்தான்.

இதற்கிடையில் ஐஸ்கிரீம் யோசனை ஓலே மனதை விட்டுப் போகவில்லை. ஒருவழியாக முதல் மாதிரியைச் செய்து வீட்டுக்கு எடுத்து வந்தபோது, காபிக்கொட்டை அரைக்கும் மெஷின் மாதிரி இருக்கிறதே என்று பெஸ் கிண்டல் செய்தாராம். பார்ப்பதற்கு உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது.

1909: கையில் தூக்கிப் போகும் இன்ஜின்

ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். படகின் பின்னால் மாட்டும் மோட்டாரை முதலில் செய்தவர் ஓலே அல்ல. பிரான்ஸில் குஸ்தாவ் ட்ரூவே 19-ம் நூற்றாண்டிலேயே மின்சாரத்தில் ஓடும் படகு மோட்டார் செய்திருந்தார். அமெரிக்காவில் கேமரன் வாட்டர்மேன் என்பவர் ஓலேவுக்கு முன்பே பெட்ரோல் மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார். அப்புறம் ஏன் எவின்ரூட் பெயர் நிலைத்தது? அவருடைய மோட்டார் சாதாரண ஆட்கள் நம்பி வாங்கும் பொருளாக இருந்தது என்பதுதான் காரணம்.

1909-ல் விற்பனைக்கு வந்த அந்த மோட்டாரின் சக்தி ஒன்றரை குதிரைத்திறன். எடை 62 பவுண்டு, அதாவது சுமார் 28 கிலோ. விலையும் 62 டாலர். படகின் பின்பலகையில் மாட்டித் திருகை இறுக்கினால் போதும். ஒரே சிலிண்டர், அது படுக்கை வாக்கில் இருக்கும். அதிலிருந்து ஒரு தண்டு நேராகத் தண்ணீருக்குள் இறங்கும். அடியில் பல்சக்கரங்கள் அந்தச் சுழற்சியைத் திருப்பி விசிறிக்குக் கொடுக்கும். மேலே உள்ள ஃப்ளைவீலைக் கையால் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இன்றைக்கு ஓடும் அவுட்போர்டுகளிலும் தண்டு செங்குத்தாக இறங்கிப் பல்சக்கரத்தில் திரும்பும் அந்த அமைப்புதான் இருக்கிறது.

ஓலே முதலில் ஒரு மோட்டாரை நண்பர் ஒருவருக்கு ஓட்டிப் பார்க்கக் கொடுத்தார். திரும்பி வந்த நண்பர் கையில் 10 மோட்டார்களுக்கு ஆர்டரும் பணமும் இருந்தனவாம். பிறகு பெஸ் விளம்பரம் எழுதினார். துடுப்பைத் தூக்கி எறிந்துவிட்டு மோட்டாரை வாங்குங்கள் என்பதுதான் அதன் சாரம். கடிதங்கள் குவிந்தன. முதலீட்டுக்கு கிறிஸ் மேயர் என்ற தொழிலதிபர் கூட்டாளியாகச் சேர்ந்தார். வெளிநாடுகளுக்கும் ஏற்றுமதி போனது. ஓலேவுக்கு 1911-ல் காப்புரிமையும் கிடைத்தது.

பெட்ரோல் எப்படிப் போனது?

அந்தக் கால மோட்டாரில் பெட்ரோல் டேங்க் இன்ஜினோடு சேர்ந்தே, உயரத்தில் இருந்தது. பம்ப் எதுவும் கிடையாது. மேலே இருப்பது கீழே இறங்கும், அவ்வளவுதான் தொழில்நுட்பம். டேங்கிலிருந்து குழாய் வழியாகக் கார்புரேட்டருக்கு, அங்கே காற்றோடு கலந்து இன்ஜினுக்கு.

இவ்வளவு எளிய பாதையிலும் மூன்று இடங்களில் தகராறு வரும். இன்றைய மோட்டாருக்கும் இந்த மூன்றும் அப்படியே பொருந்தும்.

முதலாவது, டேங்க் மூடியில் உள்ள காற்றுத் துளை. பெட்ரோல் வெளியே போகப் போக, அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வர வேண்டும். துளை மூடியிருந்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தண்ணீர் கேனைக் கவிழ்த்தால் குபுக் குபுக்கென்று விட்டு விட்டுத்தான் வரும் இல்லையா, அதே கதைதான். மோட்டார் நன்றாக ஸ்டார்ட் ஆகி, சில நிமிடம் ஓடி, பிறகு நின்றால் முதலில் மூடியைத் தளர்த்திப் பாருங்கள். உஸ் என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டான்.

இரண்டாவது, அழுக்கும் தண்ணீரும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனமானது. டேங்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். பெட்ரோல் எடுக்கும் வாயும் அடியில்தான் இருக்கும். இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலப்பதால் இந்தச் சிக்கல் இன்னும் கூடியிருக்கிறது. எத்தனால் ஈரத்தை இழுக்கும்; ஈரம் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். பல மாதம் கிடந்த பெட்ரோலை ஊற்றி ஓட்டாதீர்கள் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதற்காகத்தான்.

மூன்றாவது, கார்புரேட்டரின் ஜெட். ஊசித்துளை அளவுதான் இருக்கும். பெட்ரோல் ஆவியாகி மிஞ்சும் பிசின் அதை அடைத்துவிடும். சோக்கைப் பாதி இழுத்தால் மட்டும் மோட்டார் ஓடுகிறது என்றால், இன்ஜினுக்குப் பெட்ரோல் குறைவாகவும் காற்று அதிகமாகவும் போகிறது என்று அர்த்தம். ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிக் கலவையே கெட்டுப்போகும். கார்புரேட்டர் கிளீனரும் காற்றழுத்தமும் போதும்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு முடிவு

தொழில் உச்சத்தில் இருந்தபோது பெஸ்ஸின் உடல்நிலை கெட்டது. பகல் முழுக்க அலுவலகம், வீட்டில் சின்னப் பையன், மலைபோல் குவியும் கடிதங்கள். ஓலே யோசிக்கவில்லை. 1914 வாக்கில் தன் பங்கைக் கூட்டாளி மேயருக்கே விற்றார். ஐந்து ஆண்டுகளுக்கு அவுட்போர்டு தொழிலில் இறங்க மாட்டேன் என்ற நிபந்தனைக்கும் ஒத்துக்கொண்டார். தன் பெயரைத் தாங்கிய நிறுவனத்தையே விட்டுவிட்டு, மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பினார்.

ஆனால் கை சும்மா இருக்குமா? அந்த ஆண்டுகளில் புதிய வடிவமைப்பு ஒன்றை ஓலே உருவாக்கினார். இரண்டு சிலிண்டர், மூன்று குதிரைத்திறன். இரும்புக்கும் பித்தளைக்கும் பதில் முடிந்த இடமெல்லாம் அலுமினியம். சக்தி இரண்டு மடங்கு, எடையோ சுமார் 22 கிலோதான். நிபந்தனைக் காலம் முடிந்ததும் அதை முதலில் மேயரிடமே கொண்டுபோனார். மேயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அந்த மறுப்புதான் ஓலேவின் இரண்டாவது வாழ்க்கைக்குத் தொடக்கம். 1921-ல் பெஸ்ஸோடு சேர்ந்து எல்டோ என்ற புதிய நிறுவனத்தை ஆரம்பித்தார். எவின்ரூட் லைட் ட்வின் அவுட்போர்டு என்பதன் முதல் எழுத்துகள்தான் எல்டோ. சொந்தப் பெயரில் நடக்கும் நிறுவனத்தோடு தானே போட்டி போட வேண்டிய விசித்திரமான நிலை. இலகுவான எல்டோ மோட்டார் வேகமாகப் பரவியது. ஜான்சன் என்ற இன்னொரு நிறுவனமும் போட்டிக்கு வந்தது.

1929-ல் எல்டோ, எவின்ரூட், லாக்வுட் ஆகிய மூன்றும் இணைந்து ஒரே நிறுவனமாயின. தலைவர் ஓலே. விற்றுவிட்டுப் போன பெயர் 15 ஆண்டு கழித்து அவரிடமே திரும்பி வந்தது. ஆனால் அதே ஆண்டில் பங்குச் சந்தை சரிந்து, பெருமந்தம் தொடங்கியது. சோறு கிடைப்பதே பாடாக இருக்கும்போது படகு மோட்டார் யார் வாங்குவார்கள்? அந்தக் கஷ்டத்திலும் நிறுவனம் மூழ்காமல் தாக்குப்பிடித்தது.

1933-ல் பெஸ் இறந்தார். அடுத்த ஆண்டு, 1934 ஜூலை 12 அன்று, மில்வாக்கியில் ஓலேவும் காலமானார். வயது 57. நிறுவனம் மகன் ரால்ஃப் கைக்கு வந்தது. 1936-ல் பழைய போட்டியாளரான ஜான்சனும் அதனுடன் இணைந்தது.

டேங்க் தரைக்கு இறங்கியது

ஓலே காலத்துக்குப் பிறகு மோட்டார்கள் பெரிதாகின. இன்ஜின் தலையில் உள்ள சின்ன டேங்க் போதவில்லை. டேங்கைத் தனியாகப் படகின் தரையில் வைத்து, ஹோஸ் வழியாகப் பெட்ரோலை மேலே கொண்டுவர வேண்டியதாயிற்று. இப்போது பெட்ரோல் தானாக இறங்காது. யாராவது இழுக்க வேண்டும். அதற்காகத்தான் ஃபியூவல் பம்ப்பும், ஹோஸ் நடுவே கையால் அமுக்கும் ரப்பர் பல்பும் வந்தன. வசதி கூடியது. கூடவே கோளாறு வரும் இடங்களும் கூடின.

மோட்டார் நின்றால் முதல் கேள்வி: இது பெட்ரோல் பிரச்சினைதானா? சுவிட்சை அணைத்தது போலப் பட்டென்று நின்றால், கில் சுவிட்ச் கயிறு கழன்றிருக்கலாம் அல்லது ஸ்பார்க் பக்கம் கோளாறு இருக்கலாம். இருமி, திணறி, வேகம் குறைந்து நின்றால் பெரும்பாலும் பெட்ரோல் வரத்துதான்.

அடுத்து பல்பைக் கவனியுங்கள். அது பேசும். அதில் உள்ள அம்புக்குறி இன்ஜின் பக்கம் பார்த்திருக்க வேண்டும். அம்பு மேல்நோக்கி இருக்கும்படி பிடித்து அமுக்கினால், சில அமுக்கலில் கல் போல இறுக வேண்டும். இறுகவே இல்லையா? டேங்க் காலி, அல்லது எங்கோ காற்று உள்ளே வருகிறது, அல்லது பல்பின் உள்ளே இருக்கும் வால்வு போய்விட்டது. மோட்டார் ஓடும்போது பல்ப் சப்பையாக ஒட்டிப்போகிறதா? பல்புக்கு முன்னால், டேங்க் பக்கம் அடைப்பு. மூடியின் காற்றுத் துளையை மறுபடி பாருங்கள். பல்ப் இறுகியும் மோட்டாருக்குப் பெட்ரோல் வரவில்லையா? அடைப்பு பல்புக்குப் பின்னால்: ஃபில்டர், பம்ப் அல்லது கார்புரேட்டரின் ஊசி வால்வு.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஹோஸில் சொட்டுப் பெட்ரோல்கூட ஒழுகவில்லை, அதனால் ஓட்டை இல்லை என்று நினைத்துவிடுவார்கள். பம்ப் இழுக்கும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே வராது. காற்று உள்ளே போகும்! இணைப்பில் இருக்கும் ஐந்து ரூபாய் பெறாத ஓ-ரிங் தேய்ந்திருந்தாலே போதும், முழு மோட்டாரும் திணறும். கண்ணுக்குத் தெரியும்படியான ஹோஸ் துண்டு ஒன்றைத் தற்காலிகமாகப் பொருத்திப் பார்த்தால் காற்றுக் குமிழி காட்டிக்கொடுத்துவிடும்.

பல்பை விடாமல் அமுக்கிக்கொண்டே இருந்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது என்றால்? மூடி, ஹோஸ், இணைப்பு எல்லாம் சரியாக இருக்கும் பட்சத்தில் பம்ப்பின் டயாஃப்ரம் மீது சந்தேகப்படலாம். டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில், பிஸ்டன் ஏறி இறங்கும்போது உள்ளே உண்டாகும் அழுத்த மாற்றம்தான் அந்த மெல்லிய தோலை அசைத்துப் பெட்ரோலை இழுக்கிறது. அதில் குண்டூசி முனை அளவு ஓட்டை விழுந்தாலும் இழுப்பு போய்விடும்.

இதை ஏன் இவ்வளவு சீரியஸாக எடுத்துக்கொள்ள வேண்டும்? ஆயிலைப் பெட்ரோலில் கலந்து ஊற்றும் டூ-ஸ்ட்ரோக் மோட்டாரில், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைகிறது. ஒரு பக்கம் சூடு ஏறும், இன்னொரு பக்கம் வழவழப்பு போகும். திணறும் மோட்டாரை முழு வேகத்தில் விரட்டினால் பிஸ்டன் சிலிண்டரிலேயே பிடித்துக்கொள்ளும். ஓ-ரிங்கோடு முடிந்திருக்க வேண்டிய செலவு இன்ஜின் செலவாகிவிடும். அதனால் கடலில் இருந்தால் வேகத்தைக் குறைத்து, பல்பை அமுக்கியபடி கரை சேர்வதுதான் புத்திசாலித்தனம். மீதியைக் கரையில் பார்த்துக்கொள்ளலாம்.

பெட்ரோல் ஆவி படகின் அடியில் தேங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஹோஸைக் கழற்றும்போது பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் வேண்டாம். தண்ணீருக்கு வெளியே வைத்து மோட்டாரை ஓட்டிப் பார்ப்பதும் தப்பு. குளிர்விக்கத் தண்ணீர் இல்லாமல் வாட்டர் பம்ப் கெட்டுவிடும். கணினி கட்டுப்பாட்டில் ஓடும் ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டாராக இருந்தால் டேங்க், மூடி, பல்ப், ஃபில்டர் வரை நாமே பார்க்கலாம். அதற்கு மேல் மெக்கானிக் வேலை.

பெயர் போனது, பாதை இருக்கிறது

ஓலே உருவாக்கிய நிறுவனத்தின் வாரிசு 2000-ல் திவாலானது. எவின்ரூட் பிராண்டை வாங்கிய கனடா நிறுவனம் 2020-ல் அந்த மோட்டார்களின் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. 111 ஆண்டு ஓடிய பெயர் அது.

ஆனால் எந்த கம்பெனி மோட்டாராக இருந்தாலும் பெட்ரோல் போகும் பாதை ஒன்றுதான். மூடி, டேங்க், ஹோஸ், பல்ப், ஃபில்டர், பம்ப், கார்புரேட்டர். இந்த வரிசையிலேயே, எளிதாகப் பார்க்கக்கூடியதில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தால் கோளாறு எங்காவது ஓரிடத்தில் மாட்டும். எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைக் கழற்றுபவர்தான் பெரும்பாலும் நேரத்தையும் பணத்தையும் தொலைக்கிறார்.

பட்டம் வாங்காத ஓலே, மெக்கானிக் அல்லாதவர்களுக்காக மோட்டார் செய்தவர். ஏரியின் நடுவே தனியாக மாட்டிக்கொள்ளும் மனிதருக்கு அது புரிய வேண்டும், கையில் இருக்கும் ஸ்பேனரால் சரியாக வேண்டும். அடுத்த முறை படகில் ஏறும்போது டேங்க் மூடியின் காற்றுத் துளை திறந்திருக்கிறதா என்று மட்டும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். கூடவே ஒரு ஜோடி துடுப்பும் இருக்கட்டும். தூக்கி எறியச் சொன்னது விளம்பரத்துக்காக மட்டும்தான்!